முற்றத்தில் மெருகேறிய மோட்டார் வண்டி

சென்னையிலிருந்து தில்லிக்கு மாற்றலாகிச் செல்லும் தமிழர் ஒருவரின் காரில் சொட்டை விழுந்துவிட்டால், செலவை எண்ணிக் கலங்குவதற்கு முன்பே அவர் ஒரு சொல்லுக்காகத் தடுமாற நேரும். 'டிங்கரிங் செய்பவர் எங்கே இருக்கிறார்?' என்று கேட்டால் அங்குப் பலருக்கும் விளங்குவதில்லை. வடநாட்டில் அத்தொழிலுக்கு வழங்கும் பெயர் 'டென்டிங்'. நெளிந்த தகட்டை நிமிர்த்துபவர் 'டென்டர்'. வர்ணம் பூசுபவர் 'பெயின்டர்'. கடைப்பலகையில் இரண்டு வேலையும் ஒருங்கே எழுதப்பட்டிருக்கும். சென்னையிலோ தகட்டு வேலை செய்பவர் 'டிங்கர்'. இரண்டும் ஆங்கிலச் சொற்களே. ஆயினும் நம்மவர் எடுத்துக்கொண்ட சொல்லுக்கு வயது அதிகம். ஊர் ஊராகச் சென்று ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துக் கொடுப்பவருக்கு ஆங்கில நாட்டார் பல நூற்றாண்டுகளாக இட்டு வழங்கிய பெயர் அது. நம் தெருக்களுக்குத் துருத்தியும் நவச்சாரமும் கொண்டு வந்து, பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூசிச் சென்றவரின் இனத்தைச் சேர்ந்தவர் அவர். பாத்திரத் தகட்டுக்கும் வண்டித் தகட்டுக்கும் உள்ள உறவை அப்பெயர் இன்னும் மறவாமல் வைத்திருக்கிறது.

கடை வைத்துத் தொழில் புரிவோரைப் பற்றி மட்டும் கூறுவது நமது நோக்கம் அன்று. காரை உடையவரே தம் வீட்டு முற்றத்தில், விடுமுறை நாட்களில், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தகட்டை நிமிர்த்தித் தாமே வர்ணமும் பூசிய ஒரு காலம் இருந்தது. அக்காலத்தின் வரலாறே நாம் சொல்லப் புகுவது. இவ்வேலை எல்லாக் காலத்திலும் இல்லத்தாருக்கு இயன்றதன்று. ஏறத்தாழ 1925 முதல் 1985 வரை, அறுபது ஆண்டுகள் மட்டுமே அக்கதவு அகலத் திறந்திருந்தது. அதற்கு முன் காலம் தடுத்தது. அதற்குப் பின் சூடும் நஞ்சும் தடுத்தன. கதவைத் திறந்தது எது, அடைத்தது எது என்று பார்ப்பது சுவையான செய்தி.

தொடக்க காலத்து மோட்டார் வண்டிகள் குதிரை வண்டிப் பட்டறைகளிலிருந்து புறப்பட்டவை. நம் சென்னையிலேயே அதற்குச் சான்று உண்டு. 1840-ஆம் ஆண்டில் தோன்றிய சிம்ப்ஸன் கம்பெனியார் குதிரை வண்டி கட்டுவதில் பெயர் பெற்றிருந்தவர்கள். 1903-ஆம் ஆண்டில் அங்கே பணிபுரிந்த சாமுவேல் ஜான் கிரீன் என்பார் நீராவியால் இயங்கும் கார் ஒன்றைக் கட்டி ஓட்டிக் காட்டினார். இத்தகைய பட்டறைகளில் சாரட்டு வண்டிக்கு எவ்வாறு வர்ணம் பூசினார்களோ அவ்வாறே காருக்கும் பூசினார்கள். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வர்ணத்தைத் தூரிகையால் பூசுவது, அது உலரும்வரை நாட்கணக்கில் காத்திருப்பது, நுரைக்கல் பொடியிட்டுத் தேய்ப்பது, மீண்டும் பூசுவது. கடைசியில் வார்னிஷ். பத்துப் பன்னிரண்டு பூச்சுக்குக் குறைந்து எவரும் நிறுத்துவதில்லை. ஒரு வண்டிக்குச் சில வாரங்கள் பிடிக்கும். தூசியற்ற அறையும், பொறுமையும், வாழ்நாள் பயிற்சியும் வேண்டியிருந்த அந்தக் கலையைச் சொந்தக்காரர் தம் வீட்டில் செய்வதென்பது எண்ணிப் பார்க்கவும் இயலாதது. அவ்வளவு பாடுபட்டும், வெயிலில் நின்ற வண்டியின் வார்னிஷ் சில ஆண்டுகளில் வெடித்துப் போகும்.

ஹென்றி ஃபோர்டு தம் டி-மாடல் கார்களை 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. நிலக்கீல் கலந்த கறுப்புப் பூச்சைச் சூளையிலிட்டு வாட்டி எடுத்தால் அது விரைவாக இறுகும், விலையும் குறைவு என்பதே அதன் சிறப்பு. ஆனால் அதுவும் ஆலைக்குள் நடக்கும் வேலை. சூளை யார் வீட்டில் இருக்கிறது?

கதவைத் திறந்தது வெடிமருந்து என்றால் நேயர்கள் வியப்படையலாம். பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் இட்டுப் பதப்படுத்தினால் அது வெடிக்கும் பொருளாகிவிடும் என்பதை 1846-ஆம் ஆண்டில் ஷோன்பைன் என்ற வேதியியல் அறிஞர் கண்டிருந்தார். முதல் உலகப் போரில் துப்பாக்கிகளுக்கும் பீரங்கிகளுக்கும் புகையில்லாத மருந்தாக அது மலைமலையாகச் செய்யப்பட்டது. 1918-இல் போர் நின்றது. செய்த பொருளை என்ன செய்வது என்ற கேள்வி அமெரிக்காவின் டூ பான்ட் கம்பெனியாருக்கு எழுந்தது. அந்தப் பஞ்சுப் பொருளைக் கரைப்பானில் கரைத்து வர்ணப் பூச்சாக்கும் முயற்சி அதற்கு முன்பும் உண்டு. ஆனால் கரைசல் பாகுபோல் தடித்துவிடுவதால் மிகவும் நீர்க்கச் செய்தே பூச வேண்டியிருந்தது. அதனால் வர்ணம் ஏறுவதில்லை. 1920-ஆம் ஆண்டை ஒட்டி, தடிப்பேறாமல் அதை அடர்த்தியாகக் கரைக்கும் வழி அகப்பட்டது. அதிலிருந்து பிறந்ததே 'டூகோ' என்னும் பூச்சு. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியாரின் ஓக்லண்டு கார்கள் 1924-ஆம் ஆண்டு மாதிரியாக நீல நிறத்தில் டூகோ பூசி விற்பனைக்கு வந்தன. வாரக்கணக்கில் நடந்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது.

ஆங்கிலத்தில் இவ்வகைப் பூச்சுக்கு 'லாக்கர்' என்று பெயர். அச்சொல்லின் வேர் நம் நாட்டு அரக்கைக் குறிக்கும் 'லாக்' என்ற சொல்லே. ராஞ்சி, பலாமூ காடுகளில் மரக்கிளைகளின் மேல் சிறு பூச்சிகள் கட்டும் அரக்கு, போர்த்துகீசியர் வாய்வழி ஐரோப்பாவுக்குப் பெயர் கொடுத்தது. டூகோவில் அரக்கு சிறிதும் இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. மறுபுறத்தில், 'டூகோ' என்ற வாணிகப் பெயர் நம் நாட்டில் பொதுச் சொல்லாகிவிட்டது. இன்றும் மரச்சாமான் செய்வோர் பளபளப்பான பூச்சை 'டூகோ பெயின்ட்' என்றே சொல்வதைக் கேட்கிறோம்.

இப்பூச்சு ஏன் இல்லத்தாருக்கு உகந்ததாயிற்று என்பதை அறிய வேண்டும். எண்ணெய் வர்ணம் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி மெல்ல மெல்ல இறுகுவது. ஒருமுறை இறுகினால் மீண்டும் கரையாது. டூகோவோ, தின்னர் ஆவியாகிப் பறந்தவுடன் நின்றுவிடுவது. வேறு மாற்றம் எதுவும் அதற்குள் நிகழ்வதில்லை. ஆகவே, அதே தின்னர் பட்டால் மீண்டும் இளகும். கைதவறி வழிந்துவிட்டதா? உலரவிட்டுத் தேய்த்து மறுபடி பூசலாம். புதிய பூச்சு பழைய பூச்சோடு கலந்து ஒன்றாகிவிடும். மேற்பரப்பு ஆரஞ்சுப் பழத் தோல்போலப் புள்ளி புள்ளியாக அமைந்துவிட்டதா? நீரில் நனைத்த தாளால் தேய்த்துச் சமனாக்கி, மெருகுக் குழம்பிட்டுத் துணியால் துடைத்தால் கண்ணாடிபோல் ஆகும். சுருங்கச் சொன்னால், தவறு செய்பவனை மன்னிக்கும் பூச்சு அது. பயிலாத கைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தவறைத் திருத்தும் கருவிகளும் அதே ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. வர்ணம் தெளிக்கும் துப்பாக்கியின் வரலாறு ஒரு மருத்துவரிடம் தொடங்குகிறது. அமெரிக்காவில் டொலீடோ நகரத்து டாக்டர் டிவில்பிஸ் என்பவர், நோயாளிகளின் தொண்டையில் மருந்தைப் பனிபோலத் தூவுவதற்கு 1880-களில் ஒரு சிறு கருவி செய்தார். அவர் மகன் தாமஸ் 1907-ஆம் ஆண்டில் அதே தத்துவத்தை வர்ணத்துக்குப் பயன்படுத்தினார். தொண்டைக்கு மருந்து தெளித்த கருவியின் வழித்தோன்றல், பின்னர் எத்தனையோ தொழிலாளரின் தொண்டையைப் புண்ணாக்கியது என்பதைப் பின்னால் காண்போம்.

உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்தால் பசை விட்டுப் போகும். உலர்ந்த தாளால் தேய்த்தால் ஈயம் கலந்த வர்ணத் தூள் மூக்கில் ஏறும். 1921-ஆம் ஆண்டில் 3எம் கம்பெனியார் நீரில் கெடாத தாளை விற்கத் தொடங்கினர். நம் ஒர்க்‌ஷாப்புகளில் 'வாட்டர் பேப்பர்' என்று வழங்குவது அதன் மரபே. அத்தாளின் மாதிரிகளை எடுத்துக்கொண்டு கார்ப் பட்டறைகளுக்குச் சென்றுவந்த ரிச்சர்டு டுரூ என்ற இளைஞர், 1923-ஆம் ஆண்டில் ஒரு காட்சியைக் கண்டார். அப்போது இரட்டை நிறக் கார்கள் நாகரிகமாக இருந்தன. ஒரு நிறத்தின் மேல் மற்றது படாமல் இருக்கப் பழைய செய்தித்தாளைப் பசை தடவி ஒட்டியிருந்தார்கள். தாளை உரித்தபோது புதிய வர்ணமும் சேர்ந்து உரிந்து வந்தது. பட்டறையில் வசை மொழிகள் பறந்தன. டுரூ இரண்டாண்டு உழைத்து 1925-இல் எளிதில் உரிந்து வரும் ஒட்டுத்தாளைச் செய்தார். இன்று பள்ளிச் சிறுவர் முதல் சுவருக்கு வர்ணம் அடிப்போர்வரை கையாளும் மாஸ்கிங் டேப் பிறந்த இடம் கார்ப் பட்டறை.

இனித் தகட்டு வேலைக்கு வருவோம். சொட்டை விழுந்த தகட்டின் பின்புறம் 'டாலி' என்னும் இரும்புக் கட்டையைத் தாங்கிப் பிடித்து, முன்புறம் தட்டையான சுத்தியால் மெல்லத் தட்டுவது அடிப்படை. கேட்பதற்கு எளிது. ஆனால் அடிக்கு அடி தகடு விரிந்துகொண்டே போகும். விரிந்த தகடு தன் இடத்தில் அடங்காமல் அப்பளம்போல் மேலெழும்பும். அப்போது அந்த இடத்தில் மட்டும் ரூபாய்க் காசு அளவுக்குப் பழுக்கக் காய்ச்சி, ஈரத்துணியால் ஒற்றினால் தகடு சுருங்கும். எங்கே எழும்பியிருக்கிறது என்பதைக் கண் சொல்லாது. உள்ளங்கையைத் தட்டையாக வைத்து முன்னும் பின்னும் தடவினால் கை சொல்லும். டிங்கர் ஒருவர் காரின் பக்கத்தில் நின்று எங்கோ பார்த்தபடி தகட்டைத் தடவிக்கொண்டிருந்தால் அவர் சோம்பியிருக்கிறார் என்று எண்ணலாகாது. அப்போதுதான் அவர் மிகுந்த கவனத்தோடு வேலை செய்கிறார்.

சுத்தியால் தீராத பள்ளத்தை ஈயம் கொண்டு நிரப்பினார்கள். சுமார் 30 பங்கு வெள்ளீயமும் 70 பங்கு காரீயமும் கலந்த கலவை 183 டிகிரி சென்டிகிரேடில் இளகத் தொடங்கும். ஆனால் முற்றும் உருகுவதற்கு மேலும் 70 டிகிரி வேண்டும். இந்த இடைவெளியில் அது வெண்ணெய்போல் குழைந்து நிற்கும். அந்நிலையில் மெழுகு தடவிய மரக்கரண்டியால் அதைப் பரப்பி, ஆறிய பின் அரத்தால் அராவ வேண்டும். நம் வீட்டுப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியவர் செய்ததும் ஏறக்குறைய இதுவே. இது இல்லத்தாருக்கு எளிதில் வராத வித்தை. 1955-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மயாமி நகரில் கார்ப் பட்டறை வைத்திருந்த ராபர்ட் மெர்ட்டன் ஸ்பிங்க் என்பவர், ஈயத்தோடு மல்லாடுவதில் சலிப்புற்று, பாலியெஸ்டர் பிசினில் மாக்கல் தூளைக் கலந்து ஒரு பட்டி செய்தார். சிறிதளவு கடினப்படுத்தும் குழம்பைச் சேர்த்தால் சில நிமிடங்களில் அது கல்லாகிவிடும். நெருப்பு வேண்டா; மரக்கரண்டி வேண்டா. வீட்டு முற்றத்தில் எஞ்சியிருந்த கடைசித் தடையும் அதனோடு நீங்கியது.

மேல்நாட்டில் இவ்வேலை பலருக்குப் பொழுதுபோக்காக இருந்தது. தூசி உறிஞ்சும் கருவிகள் சிலவற்றோடு வர்ணம் தெளிக்கும் குப்பியையும் சேர்த்து விற்றனர். 1949-ஆம் ஆண்டில் எட்வர்டு சீமூர் என்பவர் அழுத்தினால் வர்ணம் சீறும் டப்பாவையும் செய்துவிட்டார். நம் நாட்டில் அது பொழுதுபோக்கு அன்று, கட்டாயம்.

விடுதலைக்குப் பின் வெளிநாட்டுக் கார்களின் இறக்குமதிக்கு அரசு வரம்பு கட்டியது. உறுப்புகளை வெளியிலிருந்து வருவித்து இங்கே பூட்டி மட்டும் விற்பவர்களுக்கு இனி இடமில்லை என்று 1953-ஆம் ஆண்டில் முடிவு செய்யப்பட்டது. 1928 முதல் பம்பாயில் கார் பூட்டிவந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1954-இல் கடையைக் கட்டியது. எஞ்சியவை மூன்று. கல்கத்தாவுக்கு அருகில் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் ஃபியட் கார் செய்த பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு. அம்பாஸடர் 1957-இல் வெளிவந்தது. கார் வேண்டுவோர் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். அவ்வாறு கிடைத்த வண்டியின் தரம் பற்றியும் முறையீடுகள் குறைவாக இல்லை. ஒரு காரை வாங்கியவர் அதைப் பதினைந்து ஆண்டு, இருபது ஆண்டு வைத்திருந்தார். அவருக்குப் பின் இன்னொருவர் வைத்திருந்தார். வண்டியின் ஆயுள் தகட்டின் ஆயுளே. தகட்டின் ஆயுள் வர்ணத்தின் ஆயுளே. மாதச் சம்பளக்காரர் பட்டறைச் செலவுக்கு அஞ்சித் தாமே தூரிகையையோ வாடகைக் கம்ப்ரஸரையோ கையில் எடுத்ததில் வியப்பில்லை. அக்காலத்து வண்டித் தகடு பெரும்பாலும் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிப்புள்ளது. இரண்டொரு தவறான அடியைத் தாங்கக் கூடியது. சென்னையில் 1961 முதல் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் தனிச் சட்டத்தின் மேல் உடற்பகுதிகளைத் திருகாணியால் பூட்டியிருந்தார்கள். ஸ்பானர் ஒன்றிருந்தால் பல பகுதிகளைக் கழற்றித் திண்ணையில் கிடத்தி வேலை பார்க்கலாம். பழைய உறுப்பு வேண்டுமென்றால் சென்னைக்குப் புதுப்பேட்டை, கல்கத்தாவுக்கு மல்லிக் பஜார், தில்லிக்குக் காஷ்மீரி கேட்டும் பின்னர் மாயாபுரியும்.

வீட்டு வேலை நடந்த முறை இது. முதலில் பம்பரையும் விளக்கு வளையங்களையும் கழற்றி, திருகாணிகளைத் தனித்தனி டப்பாவில் போடுவது. (இதைச் செய்யாதவர் பின்னர் வருந்துவர்.) துருப்பிடித்த இடத்தை வெண்ணிறத் தகடு தெரியும்வரை சுரண்டுவது, அன்றைக்கே பிரைமர் பூசிவிடுவது, மறுநாளைக்கு வைத்தால் ஓர் இரவின் ஈரத்தில் மீண்டும் செம்புள்ளி தோன்றும். பிறகு என்.சி. பட்டியைத் தகட்டுக் கரண்டியால் மெல்லியதாக இழுத்து, உலரவிட்டு, மீண்டும் இழுப்பது. அவசரப்பட்டு ஒரே முறையில் தடிப்பாக அப்பினால் மேலே உலர்ந்து உள்ளே ஈரம் நிற்கும். ஆறு மாதத்தில் வயல் வெடிப்புப்போல் பிளக்கும். அதன் பின்னர்த் தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்க்கும் வேலை. பாதிக்கு மேற்பட்ட பொழுது இதற்கே செல்லும். வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு. கண்ணாடிகளை மறைக்க, ஊரிலிருந்து தபாலில் வந்து சேர்ந்து தீர்ந்துபோன தமிழ் வார இதழ்கள் உதவின. தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கிவிட்டு, துப்பாக்கியை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, தகட்டின் விளிம்புக்கு வெளியே தொடங்கி, மறு விளிம்புக்கு வெளியே முடித்து, முன் வரியின் பாதியை அடுத்த வரி மூடும்படி வீசிச் செல்ல வேண்டும். கை வளைந்து வில்போல் வீசினால் நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் போகும்.

இடத்துக்கும் பருவத்துக்கும் தக்கபடி இடையூறுகள் வேறுபட்டன. டூகோவிலிருந்து தின்னர் பறக்கும்போது தகடு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ச்சியில் நீர்த்துளி படிந்து பூச்சு பாலேடுபோல் வெளுத்துவிடும். பம்பாய் மாதுங்காவிலும் கல்கத்தா ஏரிப்பகுதியிலும் குடியிருந்த நம்மவர் மழைக்காலத்தில் துப்பாக்கியைத் தொடவே கூடாது. தில்லியின் கோடையில் ஈரத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. கோடையில் திடீரென்று எழும் புழுதிப் புயல், ஈரம் காயாத பானெட்டின் மேல் ராஜஸ்தானத்து மணலைக் கொண்டுவந்து பதித்துவிடும். அங்கே ஐப்பசி மாதமே தக்க காலம். லாரிகளின் கதை வேறு. எனாமல் வர்ணத்தைத் தூரிகையாலேயே தீட்டும் மரபு அவற்றில் நிலைத்துவிட்டது. நாமக்கல்லில் உடல் கட்டப்பட்ட லாரியை வடநாட்டுச் சாலையில் காணும்போது, அதன் முகப்பு எழுத்துகளைக் கண்டே ஊர் நினைவு வந்துவிடுகிறதன்றோ?

இவ்வேலையில் ஒரு பொய்யும் புகுந்தது. பழைய சாரட்டு வண்டியில் வர்ணம் வேறு, வண்டியைத் தாங்கும் சட்டம் வேறு. அம்பாஸடரிலும் ஃபியட்டிலும் தனிச் சட்டம் இல்லை. தகட்டுக் கூடே வண்டியைத் தாங்குகிறது. கதவுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டிப் பகுதி துருவேறிச் செத்துவிட்டால், அதன் மேல் எவ்வளவு பட்டி அப்பி மெருகேற்றினாலும் வண்டி வலுவிழந்ததே. ஜாக்கியை வைத்துத் தூக்கும்போது கூடு நசுங்கும். மோதல் நேர்ந்தால் அதைவிடக் கேடு. பட்டியில் உள்ள மாக்கல் தூள் நீரை உறிஞ்சுவதால், பின்புறம் ஓட்டையிருந்தால் துரு முன்னிலும் விரைவாக உள்ளே பரவும். விற்பனைக்காகவே மெருகேற்றிய வண்டிகள் சந்தைக்கு வந்தன. வாங்குவோரும் ஒரு தந்திரம் கற்றனர். சிறு காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்த் தகட்டில் ஒட்டிப் பார்ப்பது; ஒட்டாமல் விழுந்தால் அங்கே இரும்பு இல்லை, பட்டியே இருக்கிறது. வீட்டில் வேலை செய்தவர் இத்தகைய பொய்யை அரிதாகவே செய்தார் என்பது நம் கருத்து. அவ்வண்டியில் அவருடைய குடும்பமே ஏறிச் செல்ல வேண்டியிருந்தது.

கதவை அடைத்த காரணங்களுள் முதலாவது சூடு. 1960-களில் ஃபோர்டு கம்பெனியார், வண்டிக் கூட்டை அப்படியே வர்ணத் தொட்டியில் மூழ்கடித்து மின்சாரத்தைச் செலுத்தி, சந்து பொந்துகளிலெல்லாம் பூச்சைப் படியச் செய்யும் முறையைக் கைக்கொண்டனர். பின்னர் உலகெங்கும் அது பரவியது. அப்பூச்சை 160 டிகிரிக்கு மேல் சூளையில் வாட்ட வேண்டும். மேற்பூச்சுக்கும் சுமார் 140 டிகிரி வேண்டும். டயரும் கண்ணாடியும் கம்பிகளும் பூட்டிய வண்டியை அச்சூட்டில் வைக்க எவராலும் இயலாது. 1983 டிசம்பர் 14-ஆம் நாள் முதல் மாருதி 800 கார் மக்கள் கைக்கு வந்தது. காத்திருப்பு மெல்லக் குறைந்தது. தகடு மெலிந்தது, துருவும் முன்போல் விரைந்து வரவில்லை. சொட்டை விழுந்தால் நிமிர்த்துவதைவிட மாற்றுவதே எளிது என்ற நிலை உண்டாயிற்று. காப்பீட்டுக் கம்பெனியும் அதற்குப் பணம் கொடுத்தது.

இரண்டாவது நஞ்சு. டூகோவுக்குப் பதிலாக, பூசும் நேரத்தில் இரு பொருள்களைக் கலக்கும் பூச்சுகள் 1970-களிலிருந்து பரவின. பளபளப்பு அதிகம், பெட்ரோல் பட்டாலும் கரையாது. ஆனால் அவற்றின் கடினப்படுத்தும் பொருளில் ஐசோசயனேட் உள்ளது. அதன் பனியைச் சுவாசித்தவருக்கு ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடல் அதை வெறுக்கத் தொடங்கிவிட்டால் பின்னர் மிகச் சிறிதளவு பட்டாலும் மூச்சுத் திணறும். பிரிட்டனில் தொழில்வழி வரும் ஆஸ்துமாவுக்கு முதன்மைக் காரணமாக இப்பொருள் கண்டறியப்பட்டது. வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய்மூலம் தரும் முகமூடியே அதற்குத் தக்க காப்பு. முகத்தில் சுற்றிய கைக்குட்டை ஒன்றையும் தடுக்காது. வீட்டில் பூசியவர் சில ஆண்டுக்கொருமுறை பூசினார். தெருவோர வேப்பமரத்தடியில் பூசும் தொழிலாளியோ அதே கைக்குட்டையோடு நாள்தோறும் பூசுகிறார். ஈயத்தின் நிலையும் இத்தகையதே. வீட்டுச் சுவர்களுக்கும் அலங்காரத்துக்கும் பூசும் வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்று 2016-ஆம் ஆண்டில் நம் அரசு விதி செய்தது. வண்டிகளுக்குப் பூசும் வர்ணங்கள் அவ்விதியின் வரம்பில் அடங்கவில்லை. மெருகேறிய காரை ஓட்டிச் செல்லும் நாம், அதைப் பூசியவரின் மூச்சைப் பற்றிக் கேட்பது அரிது.

பிரீமியர் கார்கள் 2000-ஆம் ஆண்டை ஒட்டியும், அம்பாஸடர் 2014 மே மாதத்திலும் ஆலையிலிருந்து வருவது நின்றன. பம்பாயின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்ஸிகளில் கடைசியானது 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. ஆயினும் பழைய அம்பாஸடரையோ ஹெரால்டையோ விடாமல் வைத்திருப்போர் நம்மவரிடையே இன்னும் உண்டு. முழுமையாக வர்ணம் பூசுவதைப் பட்டறைக்கு விட்டுவிட்டாலும், தகட்டைக் காக்கும் சிறு வேலைகளை அவர்கள் பிறரிடம் விடுவதில்லை. மழைக்காலம் தொடங்குமுன் மட்கார்டின் உட்புறத்துச் சேற்றைக் குழாய்நீரால் கழுவி எடுக்கிறார்கள். ஒவ்வொரு கதவின் அடியிலும் உள்ள நீர் வடியும் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிட்டு, உள்ளங்கையால் தகட்டை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்கிறார்கள்.